ரயில் போகும்வரை நிற்கும் பாட்டு

3-7-67, திங்கள்

எஸ்தர் டீச்சர் கட்டிய பாட்டைப் பெரிய ரெக்கார்டு கம்பெனி ஒன்று எடுத்து இந்திப் படத்தில் போட்டுவிட்டது. காலை பத்தரைக்கு ஈரானி கடை ரேடியோவில் என் காதாலேயே கேட்டேன்.

மழை. சனிக்கிழமை பிடித்தது, விடவில்லை. என் செருப்புக் கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். தோலில் எல்லாம் பூஞ்சை. கடையில் தைக்கிற மாடசாமி எண்ணெய்த் துணி வைத்து ஒவ்வொரு ஜோடியாகத் துடைத்துக்கொண்டிருந்தான். செருப்பு வாங்க ஒரு ஆள் இல்லை. சரி, ஒரு டீ குடிப்போம் என்று ஈரானி கடைக்குப் போனதுதான் தப்பு. அல்லது சரி. தெரியவில்லை.

வார்த்தை இந்தி. பாடினவள் பெரிய பாடகி. பின்னால் இருபது வயலினாவது இருக்கும். முதலில் பிடிபடவில்லை, எங்கேயோ கேட்ட மாதிரி மட்டும். பிறகு முதல் வரி பாதியில் நின்றது. சும்மா நின்றது. வயலினும் நின்றது. கப்பை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே இருந்தேன். அடுத்த பாதி ஒரு படி மேலே ஏறிப் பிடித்தது.

அந்த நிறுத்தம் உலகத்தில் ஒரே ஒருத்தருடையது.

எ. (இனி இந்த நோட்டில் எஸ்தர் டீச்சருக்கு எ. போதும்) இருப்பது செம்பூரில், தண்டவாளத்தை ஒட்டின சாலில், வரிசையாக ஒற்றை அறை வீடுகள். மான்குர்த் வண்டி போகும்போது பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது. அதனால் அந்த சாலில் எல்லோருக்கும் ஒரு பழக்கம். பேச்சைப் பாதியில் நிறுத்துவார்கள், வண்டி போனதும் விட்ட எழுத்திலிருந்து தொடருவார்கள். சண்டை போட்டால்கூட அப்படித்தான். எ. பாட்டுக் கட்டுவதும் அப்படி. பாதி வரியில் வண்டி வரும், நிறுத்துவாள், போனதும் கொஞ்சம் உயர்த்திப் பிடிப்பாள். நாளாக நாளாக வண்டி வராவிட்டாலும் நிறுத்தம் பாட்டிலேயே தங்கிவிட்டது.

“வாசல் அதிரும் வண்டி போனாலும்...” இங்கே நிறுத்தம். பிறகு மேலே, “வந்தவர் யாரும் இறங்கலையே.”

டீ ஆறிவிட்டது. குடிக்காமல் காசு கொடுத்தேன். ஈரானிக்காரர், பால் சரியில்லையா சேட் என்று கேட்டார்.

கடைக்கு வந்தால் எனக்கு முன்பே மாடசாமிக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நேற்றே யாரோ சொன்னார்களாம். “அண்ணாச்சி, நம்ம பாட்டு சினிமாவுக்குப் போயிட்டு. நாமதான் இன்னும் தாராவியில கெடக்கோம்.” சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

எ.-க்குத் தெரியுமா? போய்ச் சொல்ல வேண்டும். நாளை.

வாங்க: தேங்காய் எண்ணெய் பெரிய டின். குடைக்குக் கம்பி. மெழுகு நூல்.


4-7-67, செவ்வாய்

போகவில்லை. சயனில் தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி ஓடவில்லை. பஸ்ஸில் போயிருக்கலாம். உண்மையைச் சொன்னால் தண்ணீர் ஒரு சாக்கு.

மத்தியானம் வரை யோசித்து, பாட்டு எப்படி அங்கே போனது என்று கண்டுபிடித்துவிட்டேன். நான்தான் கொடுத்தேன்.

அறுபத்திரண்டில் தாதரில் சின்ன ஸ்டுடியோ ஒன்றில் என் செலவில் இருநூறு இசைத்தட்டு அடித்தோம். எ. பாட்டு ஒரு பக்கம், மறுபக்கம் ஆர்மோனியம் மட்டும். கடையில் கிராமபோன் பெட்டி வைத்து நாள் முழுக்க ஓட்டுவேன். செருப்புக்கு ஆள் வரும், பாட்டைக் கேட்கும், தட்டையும் வாங்கும். போன வருஷம் மழைக்கு முன்பு ஒரு ஆள் வந்தார். மாஹிம் பக்கத்துக் கோவாக்காரர், கையில் வயலின் பெட்டி, சினிமாவுக்கு வாசிக்கிறவராம். ஒன்பதாம் நம்பர் கறுப்பு ஷூ கேட்டார். நான் அளவு எடுக்கும்போது பாட்டு அந்த நிறுத்தத்துக்கு வந்தது. அவர் காலை ஆட்டாமல் இருந்தார். இன்னொரு தடவை போடுங்கள் என்றார். மூன்று தடவை போட்டேன். தட்டைக் கேட்டார். ஆசைப்படுகிறார் என்று தெரிந்ததும் நான் வழக்கப்படி, இது கடைசித் தட்டு என்று சொல்லி விலையை ஏற்றினேன். மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ரொம்ப சந்தோஷப்பட்டேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

அவர் மேல் கோபம் வரவில்லை. நான் யோக்கியனா? ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் ஃபோர்ட்டில் பெரிய ஷூ கம்பெனியின் கண்ணாடிக்கு வெளியே நின்று, புது மாடலைச் சிகரெட் அட்டையில் வரைந்து வந்து மாடசாமியிடம் கொடுக்கிறவன். பதினைந்து நாளில் அதே செருப்பு நம் கடையில், முக்கால் விலையில். அதைத் திருட்டு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. தந்தா, தொழில் என்றுதான் சொல்லுவோம்.

ஆனால் செருப்பு வேறு, இது வேறு. எப்படி வேறு என்று மாடசாமி கேட்டான்.

நிஜமாகவே ஒரு தட்டுதான் இப்போது மிச்சம். அதை விற்க மாட்டேன். தினமும் ஷட்டர் தூக்குவதற்கு முன் ஒரு தடவை போடுவேன். இன்றும் போட்டேன்.


6-7-67, வியாழன்

தூறல். மாட்டுங்கா. வக்கீல் ராமநாதனிடம் போனேன். கடை லைசென்ஸ் சம்பந்தமாகப் பழக்கம். தட்டைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். அவர் வீட்டில் கிராமபோன் இல்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்றார்.

அவர் கேட்டது மூன்றே கேள்வி. வார்த்தையை எடுத்தார்களா? இல்லை, அது இந்தி, அர்த்தமே வேறு. இந்தத் தட்டிலிருந்து அப்படியே நகல் எடுத்தார்களா? இல்லை, புதிதாகப் பாடி, புதிதாக வாசித்தது. அப்படியென்றால் அது அவர்கள் தட்டு.

“மிச்சம் மெட்டு. அதை ஸ்வரம் போட்டு எங்கேயாவது எழுதி வெச்சேளா?”

எழுதுவதா? பாட்டு டீச்சர் வாயில் இருக்கிறது, தாராவி முழுக்க எல்லோர் வாயிலும் இருக்கிறது, கல்யாண வீட்டில் பாடுகிறார்கள் என்றேன்.

“வாயில இருந்தா போறாது ஓய். ஐம்பத்தேழாம் வருஷத்துச் சட்டம். சங்கீதம்னா காகிதத்தில எழுதினது, அச்சடிச்சது. எழுதாத மெட்டுக்கு அந்தச் சட்டத்தில சொந்தக்காரன் கிடையாது.”

கேட்டுக்கொண்டிருந்தேன். பம்பாய்க்கு வந்து இருபத்தாறு வருஷத்தில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் ஒரு அடி இடம்கூட நான் வாங்கியதில்லை. காகிதம் எனக்குத் தெரியாத விஷயமா? பாட்டுக்கும் காகிதம் வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எழுதி வைத்தால்? “இப்ப எழுதினா, சினிமாப் பாட்டைக் கேட்டு நீங்க எழுதினேள்னு அவன் சொல்லுவான். இல்லேன்னு எதைக் காட்டுவேள்?”

தட்டைக் காட்டுவேன் என்று துணியைப் பிரித்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்திய தட்டு. கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பி லேபிளைப் படித்தார். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

லேபிளில் இருப்பது இதுதான். மேலே பெரிசாக என் கடைப் பெயர். நடுவில் ‘பழைய நெல்லை மெட்டு’. கீழே சின்னதாக ‘பாடியவர்: ஒரு சகோதரி’.

“பழைய மெட்டுன்னு போட்டது யாரு?”

நான்தான் என்றேன்.

தட்டை மறுபடி துணியில் சுற்றிக் கொடுத்தார். காபி வந்தது. ஃபீஸ் வாங்கிக்கொள்ளவில்லை, அதுதான் எனக்கு ரொம்பச் சுட்டது.

பெயர் போடாதது எ. சொல்லித்தான். முனிசிபல் பள்ளிக்கூடத்து வேலை. தட்டில் பாடினாள் என்று தெரிந்தால் சர்ச் சபையில் ஒரு பேச்சு, ஹெட்மாஸ்டர் ஒரு பேச்சு. ‘பழைய மெட்டு’ என் சரக்கு. கீர்த்தனைப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் இன்ன மெட்டு என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் நம் ஜனம் வாய் திறக்கும். புதுசு என்றால் பயம். ஒரு பொம்பளை நேற்று கட்டினது என்றால் யார் வாங்குவான்? பழசு என்று போட்டால் எங்கள் ஆத்தா பாடினதுதான் என்று நாலு பேர் தானாகச் சொல்லுவான். சொன்னார்கள். தட்டு விற்றது.

அவளிடம் கேட்கவில்லை. அச்சாகி வந்த பிறகு காட்டினேன். படித்தாள். நல்லா இருக்கு அண்ணாச்சி என்றாள். ஐந்து வருஷமாக அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.


7-7-67, வெள்ளி

செம்பூர் போனேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து. வெயில் கொஞ்சம் அடித்தது.

சால் வாசலில் வாளி வைத்துத் துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்து ஸ்டூல் எடுத்துப் போட்டாள். முடி முன்னால் கொஞ்சம் நரைத்திருக்கிறது, போன தடவை இல்லை. போன தடவை என்பது ஈஸ்டர். நாலு ஸ்டேஷன் தூரத்தில் இருக்கிறவளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறேன், அதுவும் ஒரு காரணம் தேடி.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன வாரமே தெரியுமாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டு விழாவுக்கு அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒரு பெண் எழுந்து கேட்டிருக்கிறது, டீச்சர், சினிமாப் பாட்டை ஏன் தமிழில் மாற்றிப் பாடுகிறீர்கள் என்று. வகுப்பே சிரித்ததாம்.

“நான் என்ன செய்ய? அவங்களோட சேந்து நானும் சிரிச்சேன்.”

வக்கீல் சொன்னதை எல்லாம் சொன்னேன். காகிதம் கதை. தலையாட்டிக்கொண்டே கேட்டாள், பாடம் கேட்கிற மாதிரி. ‘பழைய மெட்டு’ வரும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து மான்குர்த் வண்டி. இரண்டு பேரும் நிறுத்தினோம். ஒன்பது பெட்டியும் போகிறவரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று. வண்டி போனது. நான் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை.

அவள்தான் தொடர்ந்தாள். “அன்னைக்கு லேபிள் காட்டினிய. பழைய மெட்டுன்னு போட்டிருந்துச்சு. சரி, இவருக்கே அப்படித்தான் தோணியிருக்கு போலன்னு நெனச்சேன்.”

இல்லை, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியாதா என்றேன்.

“தெரிஞ்சேவா போட்டிய?”

வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். காபி கொண்டு வந்தாள். அதன் பிறகு மழையைப் பற்றி, ரேஷன் அரிசியைப் பற்றி, காட்கோபரில் என் மகள் வீட்டைப் பற்றி விசாரித்தாள். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வரிக்கு ஒன்று. தாராவியில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவள் கூப்பிடும்போது மட்டும் செருப்பில் ஆணி.

திரும்பும்போது வண்டியில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.


9-7-67, ஞாயிறு

சபை. வெளியே மழை, உள்ளே ஈரக் குடை நாற்றம். கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் மெட்டு, மெட்டு. யார் கட்டினார்களோ. பெயரே இல்லாமல் எத்தனை பேர்.

ஸ்டுடியோ நாள் ஞாபகம் வந்தது, பிரசங்கம் முழுக்க அதுதான் ஓடியது. சுவரெல்லாம் சாக்கு அடித்த அறை. வெளிச் சத்தம் எதுவும் வராது. எ. நீலச் சேலை. முதல் வரி பாதியில் நிறுத்தினாள். தாதரில் அந்த அறைக்குள் எந்த ரயில் வரும்? ஸ்டுடியோக்காரர் வரி மறந்துவிட்டது என்று நினைத்து மெஷினை நிறுத்தக் கை நீட்டினார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். எனக்கு மட்டும்தான் தெரியும், வராத வண்டி போய்க்கொண்டிருக்கிறது என்று. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மேலே ஏறினாள்.

முடிந்து வெளியே வந்து, நீங்க சொல்லலைன்னா நிறுத்தியிருப்பாங்க என்றாள். அன்றைக்கு ஒரு தடவைகூட அண்ணாச்சி இல்லை.

அப்போது என் மனைவி இறந்து நாலு வருஷம். கேட்டிருக்கலாம். தட்டு விற்று முடியட்டும், பிறகு கேட்போம் என்று இருந்தேன். சரக்கு தீர்ந்த பிறகு பேச்சு எடுப்பது என் வழக்கம்.

அந்தப் பாட்டு யாரை நினைத்துக் கட்டினது என்றும் கேட்டதில்லை. தூத்துக்குடியிலிருந்து பெண் பார்க்க வருகிறேன் என்று எழுதினவர் ஒருவர் வரவேயில்லை என்று மாடசாமி பெண்டாட்டி சொல்லித் தெரியும். இறங்காத ஆள் அவர்தான் போல. இருந்தும் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் செம்பூர் ஸ்டேஷனில் நான் இறங்குவதாக நினைத்துக்கொள்வேன். இதை நோட்டில்தான் எழுத முடியும்.


10-7-67, திங்கள்

ஃபோர்ட். கம்பெனி ஆபீஸ். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. வக்கீல் வர மாட்டேன் என்றுவிட்டார். தனியாகப் போனேன். இரண்டு மணி நேரம் காத்திருக்க வைத்து, மூன்றாம் மாடியில் மானேஜர் கூப்பிட்டார். டை கட்டின ஆள், நல்ல இந்தி, மரியாதைக்குக் குறைவில்லை.

தட்டைப் போட்டுக் கேட்டார். அவர் முகத்தையே பார்த்திருந்தேன். வியாபாரத்தில் முகம்தான் கணக்கு. நிறுத்தம் வந்ததும் அவர் விரல் மேஜையில் நின்றது. அடுத்த பாதி எங்கே ஏறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஏறினதும் விரல் சரியாகத் தட்டியது. எனக்கு அது போதும்.

ஊசியை எடுத்துவிட்டு, அழகான நாட்டுப்புறச் சங்கதி என்றார். இது ஒரு அம்மா கட்டினது என்றேன். லேபிளைப் பார்த்தார். தமிழ் தெரியாது. மணி அடித்து ஒரு தமிழ்க் குமாஸ்தாவை வரவழைத்தார். அந்தப் பிள்ளை சத்தமாகப் படித்து இந்தியில் சொன்னான். பழைய நெல்லை மெட்டு. ஒரு சகோதரி. படித்து முடித்து என் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனான்.

மானேஜர் கை விரித்தார். நீங்களே எழுதியிருக்கிறீர்களே சேட். பழைய மெட்டு எல்லோருக்கும் பொது. நாங்கள் எடுத்தோம், நாளை இன்னொருவன் எடுப்பான்.

அது நான் விற்பனைக்காகப் போட்ட பொய் என்றேன். அவர் மேஜைக்கு அடியில் என் காலைப் பார்த்தார். குறுக்குப் பட்டை, பித்தளைக் கொக்கி. அடுத்த தெருவில் பெரிய ஷூ கம்பெனியின் கண்ணாடியில் இருக்கிற அதே மாடல்.

“இந்தச் செருப்பு யார் வரைந்தது, சேட்?”

இதை அவர் சிரிக்காமல் கேட்டார். நானும் சிரிக்கவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். படத்தைத் தமிழிலும் எடுக்கப் போகிறார்களாம், அதே பாட்டு தமிழ் வார்த்தையோடு. அதற்கு முன் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். அந்த அம்மா ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும்: இது வழிவழியாக வருகிற மெட்டு, நான் கட்டினதில்லை, எனக்கு இதில் ஒரு பாத்தியமும் கிடையாது. கையெழுத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்.

ஒன்றும் பாக்கி இல்லாதவன் பணம் நீட்ட மாட்டான். உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருக்கிறது என்று புரிந்தது. புரிந்ததும் என் வாய் என்னைக் கேட்காமல் வேலை செய்தது. பெரிய கம்பெனி, இருநூற்றைம்பது என்று வெளியே தெரிந்தால் உங்களுக்கே கௌரவம் இல்லை என்றேன். முந்நூறு. பிறகு நானூறு. கை குலுக்கினோம்.

லிஃப்டில் இறங்கும்போதுதான் நினைப்பு வந்தது. எதை விலை பேசினேன்?


12-7-67, புதன்

பேய் மழை. செம்பூர், பஸ்ஸில்.

காகிதத்தை எ. கையில் கொடுத்தேன். டைப் அடித்த இங்கிலீஷ். டீச்சர் இல்லையா, மெல்ல விரல் வைத்துப் படித்தாள். இரண்டு தடவை.

“எவ்வளவு?”

சொன்னேன். முதலில் அவர்கள் சொன்னது எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன்.

“ஏத்திட்டா வந்திருக்கிய, அண்ணாச்சி.”

திட்டியிருந்தால் தேவலை. வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்றேன். கிழிக்கவில்லை. நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள். கை ஈரமாக இருந்தது.

“நான் கட்டலன்னு நான் எழுத மாட்டேன். நீங்க ஒரு தரம் எழுதினிய, அது போதும்.” கையை முந்தானையில் துடைத்துவிட்டு, “நீங்க பொய்யா போட்டியன்னு உங்க கையால ஒரு காயிதம் எழுதித் தருவியளா? கோர்ட்டுக்கு வேண்டாம். எனக்கு.”

தருகிறேன் என்றேன். ஸ்டாம்ப் பேப்பரிலேயே.

“தட்டு எத்தன இருக்கு ஒங்ககிட்ட?”

“ஒண்ணு.”

“அதையும் கொண்டு வாங்க.”

எதற்கு என்று கேட்டேன். என் பாட்டு மேல பொய் ஒட்டியிருக்கு, அது வெளியில கெடக்க வேண்டாம் என்றாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“அது எனக்கு வேணும் டீச்சர்.”

“விக்கவா?”

இல்லை என்று தலையாட்டினேன். வண்டி ஏதாவது வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். மழையில் ஒரு வண்டியும் ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஸ்டுடியோவில் பார்த்த மாதிரி. பிறகு பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்துவிட்டாள்.


14-7-67, வெள்ளி

நல்ல வெயில். இரண்டு நாளில் செய்தவை:

கம்பெனி காகிதம் திருப்பி அனுப்பியாயிற்று, கையெழுத்து இல்லாமல். தபாலில்.

ஸ்டாம்ப் பேப்பர் வக்கீல் எழுதிக் கொடுத்தார். ‘மேற்படி மெட்டைக் கட்டியவர் எஸ்தர் அம்மாள். பழைய மெட்டு என்று லேபிளில் போட்டது வியாபாரத்துக்காக நான் சொன்ன பொய்.’ கையெழுத்துப் போடும்போது பொய் என்ற வார்த்தை வேண்டுமா, தவறு என்று போடலாமா என்று கேட்டார். பொய் இருக்கட்டும் என்றேன். மாடசாமி சாட்சி. போட்டுவிட்டு, “பொய்ன்னு எழுதிக் குடுத்த முதல் யாவாரி நீங்கதான் அண்ணாச்சி” என்றான்.

எ.-யிடம் இன்னும் பதினொரு பாட்டு இருக்கிறது. எதுவும் எழுதினது இல்லை, எதுவும் தட்டில் இல்லை. வக்கீல் வீட்டு எதிர் மாடியில் கோமளம் மாமி, வயலின் சொல்லிக் கொடுக்கிறவர். பாடினால் அப்படியே ஸ்வரம் எழுதுவாராம். போய்ப் பேசினேன். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார். “எனக்குப் பித்தவெடிப்பு, எந்தச் செருப்பும் சேர மாட்டேங்கறது. அதுக்கு வழி பண்ணுங்கோ.” காலை அளவெடுத்தேன். ஆறாம் நம்பர், அகலம். மெத்தென்ற தோல் வைக்க வேண்டும்.

இந்த மாடலை நானே வரைந்தேன். கண்ணாடி முன்னால் போய் நிற்கவில்லை.

எ.-க்குச் சீட்டு அனுப்பினேன். ஞாயிறு மூன்று மணி, மாட்டுங்கா, வருவாயா. வருவீர்களா என்று அடித்து எழுதினேன். பதில்: ‘வருகிறேன். தட்டு?’


16-7-67, ஞாயிறு

காலை, கடைசித் தடவையாகப் போட்டேன். பாதி வரி. நிறுத்தம் வந்ததும் ஊசியை எடுத்துவிட்டேன். மீதி காதில் இருக்கட்டும். துணியில் சுற்றினேன்.

எ. மூன்றுக்கு முன்பே வந்துவிட்டாள். நீலச் சேலை, ஆனால் அது இல்லை, வேறு. மாமி பாய் விரித்து நோட்டும் பென்சிலும் வைத்திருந்தார். சினிமாவுக்குப் போன பாட்டிலிருந்து தொடங்கலாமா என்று கேட்டார். அது வேண்டாம், அது போயிட்டு என்றாள் எ. இரண்டாவது பாட்டைப் பாடினாள். நான் கேட்டதே இல்லை. இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாளோ.

அதிலும் நிறுத்தம். மாமியின் பென்சில் நின்றது.

“இங்க எத்தனை அக்ஷரம் நிக்கணும்? நான் புள்ளி வெக்கணுமே.”

எ. யோசித்தாள். “ஒம்பது பெட்டி போற வரைக்கும்.”

மாமி என்னைப் பார்த்தார். நிஜமாத்தான் மாமி என்றேன். விரல் விட்டு எண்ணி, எ.-யை நாலு தடவை பாடச் சொல்லி, வரிசையாகப் புள்ளி வைத்தார். நோட்டில் அந்த இடம் பார்க்க நேராக ஒரு வண்டி போகிற மாதிரியே இருக்கிறது.

ஐந்து மணிக்கு ஒரு பாட்டு முடிந்தது. தலையில் எ. தன் கையால் பெயர் எழுதினாள், முழுப் பெயர், அப்பா பெயரோடு. மெட்டு என்ற இடத்தில் ‘சொந்தம்’.

படி இறங்கும்போது ஸ்டாம்ப் பேப்பரைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். தட்டுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்காமல் நின்றேன். வியாபாரி. சும்மா கொடுக்க முடியாது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஐந்து வருஷத்தில் என் எதிரில் முதல் தடவை. “என்ன கேக்கிய, சொல்லுங்க.” சொன்னேன். குடையால் படியில் இரண்டு தடவை தட்டினாள். அவளும் அவள் பக்கத்தைச் சொன்னாள்.

இன்று முழுக்க என்னை அண்ணாச்சி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை.

பேசி முடித்தது: மாமிக்குப் பாட்டு ஒன்றுக்கு ஒரு ஜோடி, வீட்டில் யார் காலுக்குச் சொன்னாலும். காகிதம் எ. பெயரில், எ. வீட்டில். என் கடைப் பெயர் எங்கேயும் வராது. கடைசித் தட்டு எ.-க்கு, கொடுத்தாயிற்று, அந்தப் பாட்டை நான் மறுபடி கேட்கக் கூடாது. பதிலுக்கு, பதினொன்றும் எழுதி முடியும்வரை ஞாயிறு தோறும் மூன்று முதல் ஐந்து வரை மாமி வீட்டு வாசல் பக்கத்து நாற்காலி எனக்கு. வாய் திறக்கக் கூடாது.